நாற்பது கட்டில் ஒரு கட்டு: பீடித் தொழிலாளி ஒருவரின் சங்க வாழ்க்கை – நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு நடந்தது அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், தாமிரபரணியிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஓர் ஊரில். சம்பந்தப்பட்டவர் யார் பெயரும் இதில் இல்லை. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நடப்பில் இருந்த காலத்து நிகழ்வு இது. பீடிக் கடைகளில் சங்கக் கிளை கட்டுகிறவர்கள், குறிப்பாகப் பெண்களைப் பொறுப்புக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகிறது.

பின்னணி

தொடக்கத்தில் இந்தப் பெண் தொழிலாளிக்கு வயது 38. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. பன்னிரண்டு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சுற்றத் தொடங்கியவர். கல்யாணமாகி வந்த ஊரில், 26 வயதில்தான் அவர் பெயரில் பாஸ் புத்தகம், அதாவது கடைக்கணக்கில் ஆளைப் பதிந்து வைக்கும் புத்தகம், கிடைத்தது. அதுவரை சுற்றிய பதினான்கு வருடத்துப் பீடியும் அம்மா கணக்கில் போனது. அந்தக் காலத்துக்கு வைப்பு நிதியும் இல்லை, விடுப்புச் சம்பளமும் இல்லை. இந்தப் பக்கத்துப் பீடி வீடுகளில் இது வாடிக்கை. ஒரு புத்தகம் இருக்கும், அதற்குப் பின்னால் மூன்று கைகள் இருக்கும்.

கணவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், செங்கொடிச் சங்கத்துக்காரர். ஊரில் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளையும் இருந்தது: ஒன்பது உறுப்பினர், ஒன்பதும் ஆண்கள். விடுதலைப் போராட்டக் காலத்துச் சிறைக் கதைகளும் கம்யூனிஸ்டுகள் மீது போட்ட நெல்லை சதி வழக்குக் கதைகளும் அந்தக் கிளையில் தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தன. அந்தக் கதைகளில் பெண்கள் தலைமறைவானவர்களுக்குச் சோறு கொடுத்தவர்களாக வருவார்கள், அத்தோடு சரி.

கடை ஒன்று. கம்பெனி வேறு ஊரில். நடுவில் இருக்கிற ஒப்பந்தக்காரரைத்தான் எல்லோரும் ‘கடைக்கார அண்ணாச்சி’ என்பார்கள். கடையில் பாஸ் புத்தகம் 74. சுற்றுகிற பெண்களைத் தெருத்தெருவாக எண்ணியபோது 132. ஆக, 58 பேர் எந்தக் கணக்கிலும் இல்லை.

கடையின் கணக்கு எப்படி ஓடியது

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று கடையில் எடை போட்டுத் தருவார்கள். அந்தக் கடையில் இலை 600 கிராம். நூல் பெண்களே வாங்க வேண்டும். இரவில் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, காலையில் அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரியால் நறுக்குவார்கள். சுளகை மடியில் வைத்துத் தூள் போட்டுச் சுற்றி, தலையை மடித்து, நூல் கட்டுவார்கள். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு ஆயிரம். மறுநாள் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கடையில் கொடுக்க வேண்டும். ஆகவே ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை கட்டுப் போடுகிற நேரம். இந்த ஒரு விவரம் பின்னால் பெரிய விவகாரமானது.

பழகிய கைக்கு மணிக்கு 90 பீடி. வீட்டு வேலைக்கு நடுவே ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் 900. மாதம் 22,000 என்பது அவருடைய வழக்கமான அளவு.

பெண்களின் குறை இரண்டு. இலை போதவில்லை, ஆயிரம் தேற வெளியில் காசு கொடுத்து இலை வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, கழிவு: கணக்குப்பிள்ளை கட்டைப் புரட்டிப் பார்த்து மூன்றை ஒதுக்கிவிட்டு 37க்குத்தான் கூலி எழுதுவார். ஒதுக்கிய கட்டை உடைப்பதும் இல்லை, திருப்பித் தருவதும் இல்லை. அது எங்கே போகிறது என்று கேட்ட பெண்ணுக்கு அடுத்த வாரம் தடித்த நரம்பு இலை வரும்.

நிறுவை நோட்டு

ஆண்டுக் கணக்கில் வாய்ப்பேச்சாக இருந்த குறையை எழுத்தாக்கியதுதான் அவர் செய்த முதல் வேலை. பதினொரு வீடுகளைச் சேர்த்தார். கடைச் சீட்டில் போட்ட எடை, வீட்டுக்கு வந்ததும் எடை, ஒரு ராத்திரி சாக்கில் பரப்பிக் காயவிட்டு மறுநாள் எடை, நறுக்கித் தேறிய துண்டின் எண்ணிக்கை, கடையில் கழித்த கட்டு. நாற்பது பக்க நோட்டில் ஐந்து கட்டம்.

முதல் நான்கு நாள் கணக்கு வீணானது. இரண்டு வீட்டில் சாக்கோடு நிறுத்தார்கள், ஒரு வீட்டில் இலையை நனைத்த பிறகு நிறுத்தார்கள். கைத்தராசு எடையைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால், மளிகைக் கடையின் மின்னணுத் தராசை ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் கேட்டு வாங்கினார்கள். ஐந்தாம் நாளிலிருந்து பதினான்கு நாள் கணக்கு ஒழுங்காக வந்தது.

சீட்டில் 600 கிராம் என்று இருந்த இலை, காய்ந்த பின் 535இலிருந்து 550க்குள் நின்றது. எடை போடுமுன் இலைக்கட்டில் தண்ணீர் தெளிப்பதுதான் காரணம். நறுக்கினால் துண்டு 900 தேறியது. கழிவு சராசரி மூன்று கட்டு. அதாவது ஆயிரத்துக்கு 100 பீடிக்கான இலை கைக்காசு, 75 பீடிக்குக் கூலி இல்லை.

அரசியல் வகுப்புகளில் உபரி மதிப்பு (உழைப்பில் கூலியாக வராமல் முதலாளிக்குப் போகும் பங்கு) பற்றிப் பல வருடமாகச் சொல்லிவந்தார்கள், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் நோட்டை வைத்துக்கொண்டு சுளகில் நாற்பது கட்டை அடுக்கி, “இதுல நமக்கு வந்த கூலி எத்தன கட்டு, எலைக்குக் குடுத்தது எத்தன, சும்மா போனது எத்தன?” என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக் காட்டினார். வகுப்பு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புரியாதது விஷயம் அல்ல, சொன்ன விதம்.

எங்கே கூடுவது

முதல் கூட்டம் அவர் வீட்டு முற்றத்தில். அவர் தலித் தெருக்காரர். மேலத்தெருவிலிருந்து ஒருத்தரும் வரவில்லை, பள்ளிவாசல் தெருவிலிருந்து இரண்டு பேர். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. “புள்ளைக்குக் காய்ச்சல்”, “மைனி வந்திருக்கா” என்ற பதில்தான் வந்தது. தாலுகாப் பொறுப்பாளர் பொது இடமாகப் பள்ளிக்கூடத் திண்ணையைச் சொன்னார். அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: மூன்றில் ஒரு கூட்டம் அவர் தெருவில்தான். திண்ணையிலேயே கூடிக்கொண்டிருந்தால் எல்லாரும் வசதியாக இருந்துவிடுவார்கள் என்றார். மேலத்தெருப் பெண்கள் நான்கு பேர் அந்த முற்றத்துக்கு வந்து உட்கார ஏழு மாதம் ஆனது. மற்றவர்கள் இன்றும் திண்ணைக்கு மட்டுமே வருகிறார்கள்.

மனுவா, வேலைநிறுத்தமா

சங்கத்தில் மூன்று யோசனை இருந்தது. பீடி கொடுப்பதை நிறுத்துவது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு ஊர்வலமாகப் போய் ஆட்சியரிடம் மனு கொடுப்பது. தொழிலாளர் துறையில் சட்டப்படி தாவா (தொழில் தகராறு வழக்கு) எழுப்புவது.

நிறுத்தத்தை அவர் எதிர்த்தார். பாதிப் பேர் கடையில் முன்பணம் வாங்கியவர்கள். இலையைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டால் பத்து நாள்கூடத் தாங்காது. ஊர்வலத்துக்குப் பெண்களே வர மறுத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. ஆட்சியர் அலுவலகம் இருக்கிற கொக்கிரகுளம் என்றாலே இங்கே வயதான பெண்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஒரு மாவட்டப் பொறுப்பாளர் பேசியது தப்பு.

ஆகவே மூன்றாவது வழி. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, இலை, தூள் கொடுப்பது, பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி ஆகிய மூன்றைப் பற்றிய தாவாவையும் சுருக்கமான விசாரணையில் தீர்க்க இடம் கொடுத்தது. நிறுவை நோட்டு இதற்கென்றே எழுதியது போல இருந்தது.

74 பேரில் 41 பேர் கையெழுத்தோ ரேகையோ வைத்தார்கள். புத்தகம் இல்லாத 58 பேரும் தனித்தாளில் வைக்கட்டும் என்றார் அவர். கடைக்கணக்கில் இல்லாதவர்களைச் சேர்த்தால் மனு பலவீனப்படும் என்று சங்கம் சொன்னது, அவரும் விட்டுக்கொடுத்தார். இந்த முடிவுக்குப் பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

ஒன்பது நாள்

மனு போன மூன்றாம் நாள் அவருக்கு மட்டும் இலை இல்லை. “லோடு வரல” என்றார் அண்ணாச்சி. பக்கத்தில் நின்றவர்களுக்கு இலை கொடுத்துக்கொண்டேதான் சொன்னார். இப்படி ஒன்பது நாள். பயந்த ஆறு பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள்; 35 பேர் நின்றார்கள். கடைக்கு வரும்போது ஒவ்வொரு நாளும் மூன்று பேர் அவரோடு வரிசையில் நின்று, இலை மறுத்த நாளையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டது பிறகு பயன்பட்டது.

முதல் விசாரணைக்குக் கம்பெனித் தரப்பு வரவில்லை. இரண்டாவதில் கடைக்காரர் வந்து, “நான் இலையை விக்கிறேன், அவங்க பீடியை எனக்கு விக்கிறாங்க, கூலி உறவே கிடையாது” என்றார். இந்த விற்று வாங்கும் வாதம் தொழிலில் பழையது. பதில் பாஸ் புத்தகத்திலேயே இருந்தது: மாதாமாதம் வைப்பு நிதிப் பிடித்தம். சரக்கு விற்கிறவரிடம் யாராவது வைப்பு நிதி பிடிப்பார்களா? வீட்டில் இருந்து சுற்றுபவர்களுக்கும் வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாவது அமர்வில் ஒப்பந்தம் எழுதினார்கள். இலையை நனைக்குமுன் பெண்கள் கண்முன் நிறுக்க வேண்டும். கழிவு நாற்பதில் ஒரு கட்டுக்கு மேல் கூடாது. கழித்த கட்டை அங்கேயே உடைக்க வேண்டும். மனு கொடுத்தவருக்கு இலை மறுக்கக் கூடாது.

பொறுப்பு ஏறியபோது

வெற்றிக்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம்.

ஒரு வருடத்துக்குள் அவர் கட்சிக் கிளையின் செயலாளர், தாலுகாக் குழு உறுப்பினர், மாதர் சங்கத்தின் ஒன்றியப் பொறுப்பாளர், பீடிச் சங்கத்தின் மாவட்டக் குழு உறுப்பினர். பேசத் தெரிந்த, கூலி வேலை செய்கிற, தலித் பெண் தோழர் ஒருவர் கிடைத்ததும் ஒவ்வொரு குழுவும் அவரையே கேட்டது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான்கு குழுவும் ஒரே ஆளின் நேரத்தைக் கேட்கின்றன என்பதை எந்தக் குழுவும் பார்க்கவில்லை.

ஒரு மாதத்துக் கணக்கு: 17 இரவுக் கூட்டம், ஆறு பகல் வேலை. இரவுக் கூட்டம் எட்டு மணிக்கென்று சொல்லி எட்டரைக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியும். கட்டுப் போடுகிற நேரம் முழுதும் போகும். ஒன்றுக்குச் சராசரி 225 பீடி. திருநெல்வேலிக்குத் தொழிலாளர் அலுவலகம் போய் வந்தால் 700. மாதம் மொத்தம் எட்டாயிரம். 22,000 சுற்றியவர் 14,000க்கு வந்தார். பஸ் காசும் கைக்காசு. மாநாடு, உண்டியல் வசூல், மகளிர் தினம், மே தினம் வந்த மாதங்களில் ஒன்பதாயிரம்கூடத் தேறவில்லை.

வீட்டில் மாமியார் அவர் பங்கையும் சேர்த்துக் கட்டினார். கணவர் சங்கத்துக்காரர்தான், ஆனாலும், “ராத்திரி பத்து மணிக்கு என்ன சங்கம்?” என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லாமல் போனது. அவர் தடுக்கவில்லை, துணைக்கும் போகவில்லை.

புத்தகத்தில் விழுந்த ஓட்டை

மகளின் கல்வி உதவித்தொகைக்காக இ-சேவை மையத்தில் தாள் எடுத்தபோது வைப்பு நிதிக் கணக்கையும் எடுத்தார். வருடத்தில் நான்கு மாதம் பணம் கட்டப்படவில்லை. மாதம் பத்தாயிரத்துக்குக் கீழே போனால் பிடித்தம் போடுவதில்லை என்பது அந்தக் கடையின் வழக்கம். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. பீடித் தொழிலில் பிடித்தம் நூற்றுக்குப் பத்து, அதே அளவு முதலாளி பங்கும் போட வேண்டும். பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். தொகை சிறியது. ஆனால் தொடர்ந்து ஓட்டை விழுந்தால் புத்தகத்தை வேறு பெயருக்கு மாற்றிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் புத்தகம் போட எந்தக் கடையும் முன்வராது.

பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். அவர் வெளியே போகிற நாளில் ஐந்து பேர் ஆளுக்கு நான்கு கட்டு, மொத்தம் 500 பீடி, அவர் தட்டில் சேர்ப்பது. இரண்டு மாதம் ஓடியது. சங்கத்தில் எல்லோரும் பாராட்டினார்கள், ஒற்றுமைக்கு உதாரணமாகக் கூட்டங்களில் பேசினார்கள்.

கணக்குப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். பீடியின் தலை மடிப்பு ஒவ்வொரு கைக்கும் வேறு. சிலர் நகத்தால் அழுத்துவார்கள், சிலர் கத்தரி நுனியால். முடிச்சும் அப்படித்தான், இடக்கை முடிச்சு தனியே தெரியும். ஒரே தட்டில் மூன்று விதமான மடிப்பைப் பார்த்து, “இது ஒரு கை சுத்துன பீடி இல்லியே” என்றார். அந்தச் சமயத்தில்தான் புத்தகம் இல்லாத 58 பேருக்கும் அவரவர் பெயரில் புத்தகம் வேண்டும் என்று சங்கம் இரண்டாவது மனு கொடுத்திருந்தது. “ஒருத்தி புத்தகத்துல நாலு பேர் சுத்துறதச் சங்கத் தலைவியே செய்யுதா” என்று கடைக்காரர் விசாரணையில் வைத்தார். பதில் சொல்ல முடியவில்லை. தாவா ஐந்து மாதம் தள்ளிப்போனது.

எடுத்த முடிவுகள்

கிளையில் இரண்டு கூட்டம் இதற்கென்றே நடந்தது. கைமாற்றிச் சுற்றுவதை அவரே நிறுத்தச் சொன்னார். முழுநேர ஊழியராக வரும்படி தாலுகாக் குழு கேட்டது. மாதப் படி தருவதாகவும் சொன்னது. அவர் மறுத்த காரணம் பணம் அல்ல. புத்தகம் போய்விட்டால் கடையில் நின்று பேச அவருக்கு உரிமை இல்லை, அண்ணாச்சி, “நீ யாரும்மா?” என்று கேட்டால் முடிந்தது. மேல்குழுக்களில் சிலர் இதை அரசியல் வளர்ச்சியின்மை என்று குறித்தார்கள். கடைக்குள் ஆள் இல்லாத சங்கம் எத்தனை நாள் நிற்கும் என்று அவர்கள் யோசித்திருக்கலாம்.

கடைசியில் முடிவானவை:

- கிளைச் செயலாளர் பொறுப்பும் கடைச் சங்கப் பொறுப்பும் மட்டும். தாலுகா, மாவட்ட, மாதர் சங்கப் பொறுப்புகளிலிருந்து விடுவிப்பு.
- கிளைக் கூட்டம் ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு. சுளகோடு வந்து சுற்றிக்கொண்டே பேசலாம். இலை நறுக்கக் கூடாது, கத்தரிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது.
- சங்க வேலையாகப் பகல் முழுக்க வெளியே போகிறவருக்கு 700 பீடிக்கான கூலியும் பஸ் காசும், அன்று மாலையே, சீட்டெழுதி. மாதக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பதில்லை.
- ஆள் பத்தாயிரத்தைத் தொடவில்லை என்றால் அந்த மாதம் அவருக்கு வெளிவேலை கிடையாது. கடையின் வழக்கம் சட்டவிரோதம் என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறது; அது தீரும்வரை இந்தக் கட்டுப்பாடு.

தூள் நெடி தாங்காமல் இரண்டு ஆண் தோழர்கள் கொஞ்ச நாள் வாசலில் உட்கார்ந்து கூட்டம் கேட்டார்கள்.

பிறகு

அடுத்த வருடத்தில் அவர் சுற்று மாதம் 19,000க்குத் திரும்பியது, பிடித்தத்தில் ஓட்டை இல்லை. கிளையில் பெண் உறுப்பினர் ஒன்றிலிருந்து ஆறு. புத்தகம் இல்லாத 58 பேரில் 19 பேருக்குப் புத்தகம் வந்தது, அதில் ஏழு பேருக்கு ஆதாரில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர். அதைத் திருத்தவே பல மாதம் போனது.

எடை ஒப்பந்தம் வெயில் மாதங்களில் நின்றது. சாரல் மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் பழைய கதை. ஈரக்காற்றில் இலை தானாகவே எடை கூடும் என்பது உண்மைதான். அதைச் சாக்கிட்டுத் தண்ணீரும் தெளித்தார்கள். எவ்வளவு காற்றின் ஈரம், எவ்வளவு வாளித் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல நோட்டில் கணக்கு இல்லை, ஏனென்றால் முதல் நிறுவை நடந்தது பங்குனியில்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நிறுவையை வருடத்தில் இரண்டு தடவை, பங்குனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மழை மாதத்துக்குத் தனி எடை எழுதியிருந்தால் இந்தச் சண்டைக்கு இடமில்லை.

புத்தகம் இல்லாதவர்களை முதல் மனுவிலிருந்து விலக்கியதுதான் பெரிய பிழை. கணக்கில் இல்லாத கைகள் என்பது கடையின் குற்றம்; அதைச் சங்கத்தின் பலவீனம் என்று எண்ணி மறைத்ததால், பின்னால் கடைக்காரர் அதையே எடுத்து வீச முடிந்தது. முதல் நாளே தனித்தாளில் 58 பேரும் வைத்திருந்தால், நிறுவை நோட்டோடு அதுவும் சான்றாகியிருக்கும்.

புதிய பொறுப்புக்கு ஒரு தொழிலாளியைக் கேட்கும் குழு, அவர் ஏற்கெனவே எத்தனை குழுவில் இருக்கிறார், இந்தப் பொறுப்புக்கு மாதம் எத்தனை பீடி போகும் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். இந்தக் கிளையில் இப்போது எழுதுகிறார்கள். மேல்குழுக்களில் இன்னும் வழக்கமாகவில்லை.

துணைக்கு ஆள் இல்லாமல் பெண்களை இரவுக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதும், வராதபோது ‘ஆர்வக் குறைவு’ என்று அறிக்கை எழுதுவதும் அந்தத் தாலுகாவில் மூன்று வருட அறிக்கைகளில் உண்டு. கூட்ட நேரம் மாறிய பிறகு அந்த வரி அறிக்கையில் வரவில்லை.

மீதி 39 பேரின் மனு நிலுவையில் இருக்கிறது. மழை மாத நிறுவைக்கு ஒன்பது வீடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. மளிகைக் கடைக்காரர் இந்த முறை தராசு தர யோசிக்கிறார், அவர் தம்பி கடைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.